எஞ்சினை நிறுத்தியபோது கேட்ட மூச்சு

புதிதாகச் சேர்ந்திருக்கிற பிள்ளைகளுக்கு,

உங்களில் ஒருத்தி என் மகள் காவ்யா. மற்ற நால்வரையும் அப்படியே நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். நான் பத்தாவது வரை படித்தவன். பாலக்காட்டில் நீங்கள் சேர்ந்திருக்கிற இந்த நோய் எதிர்ப்பு ஆராய்ச்சிக் கூடத்தில் ஜீப் ஓட்டினேன், மாதிரிப் பெட்டிகளைச் சுமந்தேன், போன வருடம் ஓய்வு பெற்றேன். செல்லைப் பற்றிச் சொல்லித்தர உங்களுக்கு அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். அந்தச் செல் எங்கிருந்து, யாருடைய உடம்பிலிருந்து, எந்த ரோட்டில் வந்து சேர்கிறது என்பதுதான் எனக்குத் தெரிந்த சங்கதி. அந்த ரோட்டில் ஒருநாள் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

அப்போது பவித்ரா என்று ஒரு பெண் இங்கே முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். மூணாறு எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் அம்மாவின் மகள். மறையூர் வெல்ல ஆலைகளில் வேலை செய்கிறவர்களுக்கு வரும் ஒரு நெஞ்சு நோயைத் தன் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டிருந்தாள். ஆலை என்றால் பெரிய கட்டடம் எதுவும் இல்லை. கரும்புக் காட்டுக்கு நடுவே ஒரு கொட்டகை, உள்ளே ஒரு பெரிய கொப்பரை, அடியில் அடுப்பு. சாறு பிழிந்த கரும்புச் சக்கையைக் காயவைத்து அதையேதான் எரிப்பார்கள். அப்படிக் குவித்து வைத்த சக்கைப் போர் மழையில் நனைந்து நாள்பட்டால் உள்ளே பூஞ்சணம் பிடிக்கும். அதை இழுக்கும்போது வெள்ளையாகப் புகைபோலக் கிளம்பும் தூசியை மூச்சில் இழுக்கிறவர்களில் சிலருக்கு, காலையில் இழுத்தால் மதியத்துக்குக் காய்ச்சலும் இருமலும் மூச்சு முட்டலும் வந்துவிடும். பலருக்கு வருவதில்லை. ஒரே கொட்டகையில் ஒருவருக்கு ஏன் வருகிறது, பக்கத்தில் நிற்பவருக்கு ஏன் வருவதில்லை என்பதுதான் பவித்ராவின் கேள்வி.

பதில் நுரையீரலுக்குள் இருக்கிற செல்களிடம் இருக்கிறது என்றாள். மூக்கு வழியாக மெல்லிய குழாய் ஒன்றை நெஞ்சுக்குள் விட்டு, உப்புநீர் கொஞ்சம் ஊற்றி, அதையே திரும்ப உறிஞ்சி எடுப்பார்கள். அதில் வருகிற செல்களை உயிரோடு கூடத்துக்குக் கொண்டுவந்து, ஒவ்வொன்றையும் மிகச் சின்ன ஒரு நீர்த்துளிக்குள் தனியாக அடைத்து, அது அப்போது என்ன வேலை பார்த்துக்கொண்டிருந்தது என்று படிப்பார்கள். ஊர்க்கூட்டத்தின் இரைச்சலைக் கேட்காமல் ஒவ்வொருத்தரையும் தனியே அழைத்து விசாரிப்பதுபோல என்று எனக்கு ஒருமுறை சொன்னாள்.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. நோயாளிக்கு மருந்து கொடுப்பதற்கு முன்னால் ஒரு தடவையும், கொடுத்துக் குணமான பிறகு ஒரு தடவையும் எடுக்க வேண்டும். ஸ்டீராய்டு மருந்து உள்ளே போனால் செல்கள் அடங்கிவிடும். கலவரம் நடந்த தெருவுக்குப் போலீஸ் வந்துபோன பிறகு சென்று, முதல் கல்லை யார் எறிந்தது என்று கேட்டால் யார் சொல்வார்கள்? ஆக, அந்த ‘முன்னால்’ ஒருமுறைதான் கிடைக்கும். பவித்ராவுக்கு மூன்று பேரிடம் அது தவறிப்போயிருந்தது. ஒருவர் வரும் வழியில் மருந்துக் கடையில் ஏதோ மாத்திரை வாங்கிப் போட்டிருந்தார். இன்னொருவரிடம் எடுத்த செல்கள் பாதிக்குமேல் செத்துப்போயின. மூன்றாமவர் பயந்து வரவேயில்லை. நிதி முடிய இன்னும் சில மாதங்கள்தான் இருந்தன.

நான்காவதாகக் கிடைத்தவர் செல்வராஜ். கொப்பரையில் பாகு பதம் பார்ப்பவர். நாற்பது வயதிருக்கும். வாய் ஓயாமல் பேசுவார், பேச்சுக்குப் பேச்சு கேலி. அவரிடம் சம்மதம் கேட்கப் பவித்ரா ஆலைக்கே போனாள். நானும் கூட இருந்தேன். படிவத்தை வாசித்துவிட்டுக் கையெழுத்து வாங்கும் ரகம் அல்ல அவள். சக்கைப் போரின்மேல் சாய்ந்து நின்றவரை முதலில் அந்தப் பக்கம் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, எல்லாவற்றையும் அவர் பாஷையிலேயே விளக்கினாள். அவர் கொப்பரையைத் துழாவிக்கொண்டே கேட்டார்.

“அப்ப நுரைய வழிக்கிறதுக்கு முன்னாடி சாறப் பாக்கணும்கிற. அழுக்கெல்லாம் வழிச்சு எறிஞ்சப்புறம் வந்து, சாறு எப்படிப்பா இருந்துச்சுன்னு கேட்டா எவன் சொல்லுவான். அதானே பாப்பா?”

“அதேதாண்ணே!” பவித்ரா கைதட்டாத குறை. “உள்ள சண்டை நடக்கும்போதே பாத்தாத்தான் யாரு சண்டை போடுறான்னு தெரியும்.”

“சண்டைதான? ராத்திரி ஆனா என் நெஞ்சுக்குள்ள நல்லாவே நடக்குது. வந்து பாத்துக்க.”

பக்கத்தில் அச்சில் பாகு ஊற்றிக்கொண்டிருந்த அவர் மனைவி பேச்சியம்மா, “சண்டைக்கென்ன, நெஞ்சுக்கு வெளியிலயும்தான் நடக்குது. அதையும் எழுதிக்கம்மா” என்றார். எல்லோரும் சிரித்தோம். கூடத்துக்குத் திரும்பியதும், இவ்வளவு தெளிவாகப் புரியவைத்ததற்காகப் பவித்ராவை எல்லோரும் பாராட்டினார்கள். பாராட்ட வேண்டியதுதான். அந்தத் தெளிவு செல்வராஜின் மனதில் போய் என்ன செய்தது என்று எங்களில் யாருக்கும் அப்போது தெரியாது.

மறையூரில் அவரைப் பார்த்துவந்த மலையாளி டாக்டர், நோய் இப்போது லேசாகத்தான் இருக்கிறது, ஆலைப் பக்கம் போகாமல் இருந்தால் ஒரு வாரம் பொறுத்து மருந்தைத் தொடங்கலாம், தப்பில்லை என்றார். அந்த வார முடிவில் அவரை நாங்கள் ஜீப்பில் பாலக்காட்டுக்கு அழைத்துவந்து, பெரிய ஆஸ்பத்திரியில் நெஞ்சைக் கழுவி எடுத்து, அன்றைக்கே மருந்தைத் தொடங்குவதாக ஏற்பாடு.

புறப்படும் அன்று காலை டாக்டர் செல்வராஜின் நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்தார். ஒரு மாத்திரை அட்டையைப் பவித்ராவின் கையில் கொடுத்தார்.

“இப்போ குழப்பம் ஒண்ணும் இல்ல. பக்‌ஷே வழியில மூச்சு முட்டினா, இதைக் கொடுத்துட்டு அடுத்து எந்த ஆஸ்பத்திரி உண்டோ அங்க போணம். பாலக்காடு வரைக்கும் காத்து நிக்கண்டா. கேட்டோ?”

“சரிங்க டாக்டர்” என்று பவித்ரா அதைத் தன் பைக்குள் வைத்தாள். ஸ்டீராய்டு மாத்திரைதான் அது. அட்டையைப் பிரித்தால் அந்த ‘முன்னால்’ முடிந்தது.

செல்வராஜும் பேச்சியம்மாவும் பின்சீட்டில் ஏறினார்கள். பவித்ரா என் பக்கத்தில். பாலக்காட்டில் எல்லாம் தயார். குழாய் விடும் டாக்டர் அன்று மாலை வேறு வேலை வைத்துக்கொள்ளவில்லை. கூடத்தில் மேடமும் இன்னும் இரண்டு மாணவர்களும் இயந்திரத்தைத் தயார் செய்துகொண்டிருந்தார்கள். மேடம் என்று நான் சொல்வது பவித்ராவின் வழிகாட்டியை.

மறையூர் தாண்டிச் சின்னாறு காட்டுக்குள் இறங்கும்வரை செல்வராஜ் பேசிக்கொண்டே வந்தார். என் ஜீப்பைப் பற்றித்தான் முக்கால்வாசியும். “மணியண்ணே, இது ஜீப்பா, நெல்லு அவிக்கிற மிசினா? இந்தச் சத்தம் போடுது.”

“ஏனுங்க, நீங்க இறங்கித் தள்ளுனா சத்தமில்லாம போகுமுங்க” என்றேன்.

காட்டுக்குள் வந்த பிறகு அவர் பேச்சு குறைந்தது. பவித்ரா திரும்பிப் பார்த்து, “எப்படி இருக்குண்ணே?” என்றாள்.

“நல்லா இருக்காரும்மா” என்றார் பேச்சியம்மா. “காலையில கொஞ்சம் வெள்ளனா எந்திரிச்சாரு. கண்ணு சொக்குது.”

மறுபடி கொஞ்ச தூரம் போனதும் கேட்டாள். அதற்கும் பேச்சியம்மாதான் பதில் சொன்னார். கண்ணாடியில் பார்த்தேன். செல்வராஜ் தலையை ஆட்டிச் சிரித்தார். எனக்கு வித்தியாசமாக எதுவும் தெரியவில்லை. பாதை முழுக்க வளைவு, முன்னால் ஒரு பஸ், என் கண் அதன்மேல் இருந்தது.

ஒரு வளைவில் பஸ் நின்றது. ரோட்டின் நடுவே மூன்று யானைகள், ஒன்று குட்டி. அந்த ரோட்டில் இது புதிதல்ல. யானை நின்றால் எஞ்சினை அணைத்துவிட்டு, ஹாரன் அடிக்காமல், கதவைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பதுதான் அங்கே வண்டி ஓட்டுகிறவர்களின் வழக்கம். குட்டியோடு இருந்தால் பேசக்கூட மாட்டோம். பஸ்காரர் அணைத்தார். நானும் சாவியைத் திருப்பினேன். பின்னால் வந்து நின்ற லாரியும் கார்களும் ஒவ்வொன்றாக அடங்கின.

ஜீப்பின் சத்தம் நின்றதும்தான் அது கேட்டது.

உள்ளே இழுக்கும்போது நனைந்த துணியைப் பிழிவதுபோல ஒரு சத்தம். வெளியே விடும்போது சின்ன முனகல். இழுப்புக்கும் அடுத்த இழுப்புக்கும் இடையில் இடைவெளியே இல்லை. பவித்ரா உடம்பை முழுவதாகத் திருப்பி, முட்டிபோட்டு சீட்டின்மேல் ஏறிப் பின்பக்கம் பார்த்தாள். செல்வராஜ் எங்கள் சீட்டின் முதுகை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். தோள் இரண்டும் காதுவரை ஏறி இறங்கின. உதட்டின் நிறமே மாறியிருந்தது.

“அண்ணே, எவ்வளவு நேரமா இப்படி இருக்கு?” குசுகுசுவென்று கேட்டாள். சத்தமாகக் கேட்க முடியாது.

“இப்பத்தாம்மா, லேசா...” என்று பேச்சியம்மா ஆரம்பித்தார்.

“அக்கா, நீங்க சொல்லாதீங்க. அவரு சொல்லட்டும்.”

செல்வராஜ் வாயைத் திறந்தார். “நான்... நல்லா...” அதற்குமேல் வரவில்லை. கையால் ஒன்றுமில்லை என்று சைகை காட்டிவிட்டு மறுபடி சீட்டைப் பிடித்துக்கொண்டார்.

பவித்ரா பையைத் திறந்து மாத்திரை அட்டையை எடுத்தாள். அதைப் பார்த்ததும் அவர் தலையைத் திருப்பிக்கொண்டார். சின்னப் பிள்ளைகள் கசப்பு மருந்துக்கு வாயை மூடிக்கொள்வார்களே, அப்படி.

“வேணாம்... பாப்பா. பாலக்காடு... போயிட்டு.”

“அண்ணே, டாக்டர் சொன்னாருல்ல?”

“பாலக்காடு போயிட்டே போடட்டும்மா” என்று பேச்சியம்மா அழுகிற குரலில் கெஞ்சினார். “இம்புட்டும் பண்ணிட்டு இப்ப வீணாப் போனா இந்த மனுசன் என்னைச் சும்மா விட மாட்டாரு.”

“எம்புட்டும் பண்ணிட்டு? என்னக்கா பண்ணுனீங்க?”

பேச்சியம்மா புருஷனைப் பார்த்தார். அவர் கண்ணாலேயே வேண்டாம் என்றார். ஆனால் அந்த அம்மாளுக்கு அதற்குமேல் அடக்க முடியவில்லை.

“ஆலைக்குப் போகாம இருந்ததுல இவருக்கு நல்லாப் போச்சும்மா. ரெண்டு நாளா இருமலே இல்ல. உள்ள சண்டை நின்னு போச்சே, அந்தப் புள்ள குழாய விட்டுப் பாத்தா என்னத்தக் காண்பா, அவ படிப்புல்ல போயிரும்னு ஒரே புலம்பல். இன்னைக்கு விடியறதுக்குள்ள எந்திரிச்சுப் போயி, மூலையில கெடந்த பழைய சக்கைப் போரு... எவனும் தொட மாட்டான் அத... மூஞ்சியில துணிகூடக் கட்டாம இழுத்துப் போட்டுட்டு வந்தாரு. நல்லா ஏறட்டும்னு. டாக்டரு குழல் வைக்கும்போது ஒண்ணும் தெரியல. இப்பத்தான் ஏறுது.”

காலையில் இழுத்தால் மதியத்துக்கு ஏறும் நோய் என்று முன்பே சொன்னேனே. அது அவருக்கும் நன்றாகத் தெரியும். கணக்குப் போட்டுத்தான் போயிருக்கிறார்.

நான் பவித்ராவின் முகத்தைப் பார்த்தேன். உள்ளே சண்டை நடக்கும்போதே பார்க்க வேண்டும் என்று கைதட்டாத குறையாகச் சொன்னவள் அவள்தானே. அவர் அதை மறக்கவில்லை.

அழுவாளோ என்று நினைத்தேன். அழவில்லை. என்னிடம் திரும்பி, “அண்ணே, பின்னால போக முடியுமா?” என்றாள்.

“லாரி நிக்குது, அம்மிணி. முன்னாலயும் முடியாது, பின்னாலயும் முடியாது. யானை நகர்ந்தாத்தான்.” கொஞ்சம் யோசித்து, “குட்டி மேல ஏறுதுங்க. இப்பப் போயிருமாட்ட இருக்குது. கொஞ்சம் பாக்கலாமுங்களா?” என்றேன். யானை போய்விட்டால் அடிவாரத்துக்குச் சீக்கிரம் இறங்கிவிடலாம், அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் மட்டும் வைத்துக்கொண்டு அப்படியே பாலக்காட்டுக்குப் போய்விடலாம், மாத்திரை இல்லாமலே சமாளிக்கலாம் என்று அந்தச் சமயத்தில் எனக்குத் தோன்றியது. அவளுடைய மூன்று வருஷத்தை நானும் பார்த்தவன்தானே.

“யானை எப்பப் போகும்னு உங்களுக்குத் தெரியுமா?”

“அதெப்படித் தெரியுமுங்க?”

“எனக்கும் தெரியல. தெரியாதது எல்லாத்தையும் இவரு நெஞ்சு மேல ஏத்தி வைக்கக் கூடாதுண்ணே.”

பிறகு செல்வராஜின் பக்கம் நன்றாகக் குனிந்தாள். இருவர் முகத்துக்கும் இடையில் ஒரு சாண்தான் இருக்கும். வெளியே குட்டி யானை ரோட்டோர மண்ணைக் காலால் பறித்துக்கொண்டிருந்தது. பெரியது ஒன்று பஸ்ஸைப் பார்த்தபடியே நின்றது. பஸ்ஸுக்குள்ளிருந்து ஒரு சத்தமும் இல்லை.

“அண்ணே, இங்க பாருங்க. நீங்க எனக்கு வாக்கு கொடுத்தீங்க. அத நான் இப்பத் திருப்பிக் கொடுக்குறேன். இனி அது உங்ககிட்ட இல்ல.”

“உன்... படிப்பு...”

“போகும். கொஞ்சம் போகும். பொய் சொல்ல மாட்டேன். அடுத்த ஆளத் தேடணும். அவ்வளவுதான்.”

அவர் மறுபடி தலையை ஆட்டினார். வேண்டாம் என்றுதான். அப்போது அவள் குரல் மாறியது. கெஞ்சல் போய்விட்டது. எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளில் பக்கத்து வீட்டு அண்ணனை அதட்டும் குரல் வந்தது.

“நீங்க இப்ப இத முழுங்கலேன்னா, இந்த மாதிரிய எடுத்தாலும் நான் தொட மாட்டேன். கீழ ஊத்திருவேன். சத்தியம். அப்புறம் நீங்க விடியக்காலையில போனதுக்கும் பலனில்ல, இப்பக் கஷ்டப்படுறதுக்கும் பலனில்ல. வாயத் தெறங்க.”

செல்வராஜ் அவளையே பார்த்தார். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது அவருக்குப் புரிந்தது. வாயைத் திறந்தார். பேச்சியம்மா தண்ணீர் பாட்டிலைப் பிடித்தார். இரண்டு மடக்கு குடிப்பதற்குள் நடுவே மூன்று தடவை மூச்சு வாங்க வேண்டியிருந்தது.

மாத்திரை வாய்க்குள் போனதும் நோய் நின்றுவிடாது, பிள்ளைகளா. அது வேலை செய்ய நேரம் பிடிக்கும். அதுவரை அவரை நிமிர்த்தி உட்காரவைத்து, ஜன்னல் கண்ணாடியைச் சத்தம் வராமல் விரல் விரலாகக் கீழே இறக்கி, அவள் சீட்டில் முட்டிபோட்டபடியே அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அந்த மூச்சைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். செய்வதற்கு ஒன்றுமில்லாத நேரம்தான் இந்த வேலையில் கொடுமையான நேரம்.

கடைசியில் குட்டி சரிவில் ஏறியது. பெரியவை இரண்டும் அதன் பின்னே போயின. பஸ் கிளம்பியது. ஒதுங்க இடம் கிடைத்ததும் பஸ்காரர் கையைக் காட்டி எங்களை முன்னே விட்டார். என் முகத்தைக் கண்ணாடியில் பார்த்திருப்பார்போல.

சின்னாறு செக்போஸ்ட்டில் தடுப்புக் கட்டை போட்டிருந்தது. மறையூரிலிருந்து இறங்கும் வண்டிகளில் சந்தனக் கட்டை கடத்துகிறார்களா என்று சீட்டைத் தூக்கிப் பார்ப்பார்கள். மலையாளிக் காவலர் ஒருவர் வந்து, “எல்லாரும் இறங்கணும்” என்றார்.

“உடம்புக்கு முடியாத ஆளுங்க சார். ஆஸ்பத்திரிக்குப் போறோமுங்க” என்றேன்.

“எத்தனை நோயாளிகளைக் கண்டிருக்கு நான். போன மாசம் ஒருத்தன் ஸ்ட்ரெச்சர் அடியிலயே கட்டை வச்சிருந்நு.”

பேச்சியம்மா கத்தப் போனார். பவித்ரா அவரை நிறுத்திவிட்டு ஜன்னல் வழியாகச் சொன்னாள். “சார், நீங்க எங்களை நம்ப வேணாம். தலைய மட்டும் உள்ள விட்டு இவரு மூச்சைக் கேளுங்க.”

அவர் சலிப்போடு தலையை உள்ளே விட்டார். ஒரே இழுப்புதான் கேட்டார். வேறு பேச்சில்லாமல் ஓடிப்போய் அவரே கட்டையைத் தூக்கினார். நாங்கள் கடக்கும்போது, தமிழ்நாட்டுப் பக்கத்துச் செக்போஸ்ட்டுக்கு ஜீப் நம்பரைப் போனில் சொல்லிக்கொண்டிருந்தார். அங்கே எங்களுக்கு முன்பே கட்டை உயர்ந்திருந்தது.

காடு முடிந்து போனில் சிக்னல் வந்ததும் பவித்ரா மேடத்தைக் கூப்பிட்டாள். வண்டிச் சத்தத்தில் கேட்காது என்று ஸ்பீக்கரில் போட்டிருந்தாள்.

“மேடம், அவருக்கு மூச்சு ரொம்ப மோசமாயிருச்சு. மாத்திரை கொடுத்துட்டேன். உடுமலைப்பேட்டைக்குப் போறோம்.”

பின்னணியில் யாரோ எதையோ எடுத்து வைக்கும் சத்தம் நின்றது.

“உதடு நீலமா இருக்கா?”

“கொஞ்சம், மேடம்.”

“பேச முடியுதா?”

“ரெண்டு வார்த்தை.”

“நீ அவரப் பாத்துக்க. உடுமலையில நான் பேசி வைக்கிறேன். வாசல்ல ஆக்சிஜனோட ஆள் நிக்கும்.”

அவ்வளவுதான். மாதிரியைப் பற்றி அவர் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை. சொன்னபடி வாசலில் ஆள் நின்றார்கள். செல்வராஜை உள்ளே கொண்டுபோய் ஆக்சிஜன் வைத்து, ஊசியும் போட்டார்கள். சாயங்காலம் மாஸ்க்கோடு படுத்திருந்தவர் பவித்ராவைக் கண்டதும் அதைக் கொஞ்சம் விலக்கி, “ஏம் பாப்பா, இப்ப நுரைய வழிச்சாச்சுல்ல?” என்றார். அவள் சிரித்துவிட்டு, வெளியே வந்து கைகழுவும் இடத்தில் வெகுநேரம் நின்றாள். நான் அந்தப் பக்கம் போகவில்லை.

சில நாளில் அவர் குணமாகி வீட்டுக்குப் போனார். இயந்திரத்தில் பவித்ராவுக்கு ஒதுக்கியிருந்த முறை போயிற்று. அடுத்த முறை கிடைக்க மாதங்கள் ஆயின.

கூடத்தில் இதைப் பற்றி ஒருநாள் பேச்சு வந்தது. ஒரு மாணவர், “யானைதான் கொஞ்ச நேரத்துல போயிருச்சே, பொறுத்திருக்கலாமே” என்றார். அவர் கெட்ட பிள்ளை இல்லை. நானே ஜீப்பில் அதைத்தானே சொன்னேன். ஆனால் யானை சீக்கிரம் போய்விடும் என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. மாத்திரை கொடுத்தது அதற்கு முன்னால். நாளைக்கு உங்களில் ஒருவர் இப்படி முடிவெடுத்துவிட்டு வந்து நின்றால், பிறகு தெரிந்ததை வைத்து அவரை விசாரிக்காதீர்கள். அந்த நிமிஷத்தில் என்ன தெரிந்திருந்தது என்று கேளுங்கள்.

இன்னொன்று, சம்மதம் வாங்குவது. புரியாதவரிடம் கையெழுத்து வாங்குவது தப்பு என்று உங்களுக்குச் சொல்லித்தருவார்கள். நன்றாகப் புரிந்துகொண்டவரிடமும் ஆபத்து இருக்கிறது என்பதை நான் அந்த ஜீப்பில்தான் கண்டேன். நம்மேல் பிரியம் வைத்துவிட்டால் ஆலையிலும் எஸ்டேட்டிலும் உழைக்கிற ஜனம் நமக்காகத் தங்களையே வருத்திக்கொள்ளும், அதை நம்மிடம் மறைக்கவும் செய்யும். அவர்கள் மருந்து வேண்டாம் என்று சொன்னால் அதைத் தைரியம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வீட்டுக்காரர் சார்பில் வீட்டம்மா பதில் சொன்னால் மறுபடி அவரையே கேளுங்கள். வண்டிச் சத்தம் இருந்தால் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக் கேளுங்கள்.

செல்வராஜ் வீடு திரும்பிய பிறகு பவித்ரா சம்மதம் கேட்கும் விதத்தை மாற்றிக்கொண்டாள். எல்லாவற்றையும் முன்புபோலவே விளக்குவாள். கூடவே, “உங்களுக்கு நல்லாயிருச்சுன்னா அதுவும் எனக்கு ஒரு பதில்தான், அதுக்காக நீங்க ஒண்ணும் பண்ண வேணாம்” என்பாள். கடைசியில் ஒரு வேலை கொடுப்பாள். “இப்ப என் மூஞ்சியப் பாத்து ‘முடியாது’ன்னு ஒருதடவை சத்தமாச் சொல்லிக் காட்டுங்க. சொல்லிப் பழகிட்டா நாளைக்குத் தேவைப்படும்போது வாயில வரும்.”

இதைக் கேட்டதும் பலரும் சிரிப்பார்கள். சிலருக்குச் சொல்லவே வராது. “உன்னைப் பாத்து எப்படித் தாயி சொல்றது” என்பார்கள். சொல்லும்வரை அவள் படிவத்தை வெளியே எடுக்க மாட்டாள்.

நல்ல வெயில் அடித்த ஒரு நாள், வேறொரு ஆலையில் சக்கை இழுக்கும் ஒரு அக்காவிடம் போனோம். பவித்ரா தேடிக்கொண்டிருந்த நோய்க் குறிகள் அத்தனையும் அந்த அக்காவுக்கு இருந்தன. நிதி முடிகிற சமயம். பவித்ரா எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு, முடியாது என்று சொல்லிக் காட்டச் சொன்னாள். அந்த அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். இரண்டு தடவை மறுத்தார். மூன்றாம் தடவை பவித்ராவின் முகத்தைப் பார்த்து மெதுவாக, “முடியாது” என்றார்.

சொன்னதும் அவர் சிரிப்பு நின்றது. தான் சொன்னதைத் தானே கேட்டதுபோல முந்தானையை வாயிலிருந்து இறக்கினார்.

“நெசமாவே முடியாதும்மா” என்றார். “எனக்குப் பயமா இருக்கு.”

பவித்ரா அந்த அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். “சரிக்கா. சொன்னதுக்கு ரொம்ப சந்தோசம். ஆனா மறையூர் டாக்டர்கிட்ட இந்த இருமலக் காட்டிருங்க, அது எனக்காக இல்ல, உங்களுக்காக. நாளைக்கு வர்றீங்களா? மணியண்ணன் வண்டியிலயே கூட்டிட்டுப் போறோம்.”

அந்த அக்கா சரி என்றார். பவித்ரா பையை எடுத்து மாட்டிக்கொண்டு ஜீப்பில் ஏறினாள்.

“எடுங்கண்ணே” என்றாள். “அடுத்த ஆலைக்குப் போவோம்.”